சில்லு இன்னும் நிற்கவில்லை

1
ஒரு சத்தம் நின்றதிலிருந்து இந்தக் கதை பிறந்தது. கரவெட்டியில் எங்கள் பக்கத்து வளவில் காலை முழுவதும் இரைந்துகொண்டிருந்த மெசின் சட்டென்று அடங்கியது. அடுத்து பிரியந்தினி கத்தினாள். பேனையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் பார்த்ததையும் அவள் பிறகு சொன்னதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் வசனம்: 'புயல் அந்த வளவில் ஒரு மரத்தையும்…' வேண்டாம். புயலில் தொடங்கினால் அவள் வரப் பிந்திவிடும்.

2
ட்ரக்டருக்குப் பின்னால் பூட்டி, மரக்கொப்புகளைத் தூளாக அரைக்கும் மெசின் அது. புயலில் விழுந்த மரங்களை அகற்ற, பிரியந்தினியும் கணவன் ஜெயதீபனும் வாங்கியது. அலகு மழுங்கிப்போயிருந்தது. பூவரசங் கொப்பொன்று மெசினின் வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது.

"நிப்பாட்டிப்போட்டுக் கை வையுங்கோ," என்றாள் பிரியந்தினி.

"நிப்பாட்டிப்போட்டன். சத்தம் கேக்குதே உமக்கு?"

(ஜெயதீபனை முரடனாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவன் கவனமான ஆள். எஞ்சினை உண்மையாகவே நிறுத்தியிருந்தான்.)

எஞ்சின் நின்றாலும் உள்ளே அலகைச் சுமந்து சுழலும் பாரச் சில்லு உடனே நிற்காது. தூள் கொட்டும் குழாயின் நுனியில் தூசி இன்னும் பறப்பதைப் பிரியந்தினி கண்டாள். அவன் அதற்குள் குனிந்துவிட்டான்.

3
'அவன் கையை உள்ளே' — இந்த வசனத்தைப் பல தடவை தொடங்கினேன். முடிக்க மனம் வரவில்லை.

அவள் கத்தியபடியே பின்னாலிருந்து அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் கொப்புக் குவியலில் விழுந்தார்கள். அவன் போட்டிருந்த கையுறை உள்ளே போயிற்று. கை போகவில்லை.

நான் போனபோது அவன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ட்ரக்டரை இயக்கும் திறப்பைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

4
(இங்கேயே முடித்திருக்கலாம். அவர்கள் விடவில்லை.)

தேத்தண்ணி குடித்தபின் ஜெயதீபன் கை நீட்டினான்.

"திறப்பைத் தாரும். மிச்சத்தையும் முடிச்சுப்போடுவம்."

"அலகைக் கழட்டித் தீட்டாமல் தரமாட்டன்."

"மழை வரப்போகுது, பிரியா. இனிக் கவனமா இருப்பன்."

"முந்தியும் கவனமாத்தானே இருந்தனீங்கள்?"

நீட்டிய கையை அவன் திரும்ப எடுக்கவில்லை.

கொடுத்தாள் என்று எழுதி வெட்டினேன். கொடுக்கவில்லை என்று எழுதி, நாளைக்கும் அவள் இப்படியே காவல் நிற்க வேண்டுமே என்று அதையும் வெட்டினேன். அடுத்த வசனத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் அந்தக் கையை ஒருமுறை பாருங்கள். அதன் விரல்கள் இன்னும் மடங்கி மடங்கி விரிகின்றன, அவனுக்குத்தான் தெரியவில்லை.