சோதனை நோயாளிகள்

"சோதனை நாலு!" நர்ஸ் கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. "சோதனை அஞ்சு! பேரைப் பாரு பேரை. யாருங்க அது?"

தாழ்வாரத்தில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். அந்தப் பெயர்கள் அவன் வைத்தவை.

ஆஸ்பத்திரியின் முன்பதிவு இணையதளத்தைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. நேற்று சின்னதாக ஒரு நிரல் எழுதினான். அது 'சோதனை ஒன்று', 'சோதனை இரண்டு' என்று வரிசையாகப் பெயர் கொடுக்கும், இன்றைக்கான நேரங்களைப் பிடிக்கும், பதிவானதா என்று பார்க்கும். தனியாக ஒரு சோதனைத் தளம் கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்? ஓடுற சைட்லயே ஓட்டிப் பாத்துட்டு அழிச்சிடு," என்றார் மேலாளர். அழிக்கும் வரிகளை எழுத உட்கார்ந்தபோது அவரே வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

அறைக்குள் டாக்டர் பேனாவைத் தட்டியபடி சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். அக்கா முன்னால் குனிந்து வாயால் மூச்சு வாங்கினாள். பக்கத்து நாற்காலிக்காரி அவள் முதுகை நீவிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"உள்ள ஆளே இல்லையேம்மா, இந்தப் பொண்ணையாவது விடக் கூடாதா?"

"கம்ப்யூட்டர்ல இன்னைக்கு எல்லாம் ஃபுல்லு. அதுல பேர் இல்லாம விட்டா என் வேலை போயிடும்," என்றாள் நர்ஸ்.

அவன் மாடிப்படிக்கு ஓடி மேலாளருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"மூச்சு விடாத. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரிஞ்சா கான்ட்ராக்ட் கைவிட்டுப் போயிடும். கமுக்கமா அழிச்சிடு. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"சார், நீங்கதான் ஓடுற சைட்லயே..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

லீவு நாளிலும் தூக்கிக்கொண்டு வந்திருந்த அலுவலக லேப்டாப்பைப் படியிலேயே திறந்து, விட்டுப்போன நாலு வரியை எழுதினான். முதலில் ஒரே ஒரு பெயரை அழித்து அந்த இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டான். பிறகு மிச்சத்தை மொத்தமாக அழித்தான். எல்லாரும் இனி உள்ளே போகலாம் என்று சொல்ல ஓடிவந்தவன் கவுண்டரின் திரையைப் பார்த்து நின்றுவிட்டான். எங்கெங்கோ வீட்டில் இருந்தவர்கள் அதற்குள் போனிலேயே எல்லா இடத்தையும் பிடித்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்துசேர மத்தியானத்துக்கு மேல் ஆகிவிடும்.

நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டாள்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா கெடச்சுது?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"என் தம்பி கம்ப்யூட்டர் வேலை பாக்குறான்," மூச்சிரைப்புக்கு நடுவிலும் பெருமையாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி அக்கா உள்ளே போனாள்.

பக்கத்து நாற்காலிக்காரி அவன் பக்கம் திரும்பினாள். இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து, ரப்பர் பேண்டு சுற்றிய பழைய பட்டன் போனை எடுத்து, முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"எனக்கும் இதுல ஒரு இடம் போட்டுக் குடு தம்பி. காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன்."

வாங்கிக்கொண்டான். எண்கள் தேய்ந்த பட்டன்களின் மேல் அவன் கட்டைவிரல் அசையாமல் நின்றது. அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.