தொண்ணூற்றெட்டின் கைப்பிடி

காலை ஆறே முக்காலுக்கு ஹில்க்கா இரண்டாவது பானைக் காப்பியை இறக்கி வைத்துவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பம்புக் கைப்பிடிகளில் உறைபனி படிந்திருந்தது. டீசல் இரண்டு, தொண்ணூற்றைந்து ஆக்டேன் பெட்ரோல் ஒன்று, விலை கூடிய தொண்ணூற்றெட்டு ஒன்று. வரிசையாகச் சுரண்டிக்கொண்டே வந்தாள். தொண்ணூற்றெட்டில்தான் பனி கனமாக இருந்தது. அதை வாரத்துக்கு ஓரிருவர்தான் தொட்டார்கள்.

ஹிர்விவாராவில் ஒரு தேவாலயம், ஒரு பங்க், முந்நூற்று நாற்பது பேர். பங்குக்குள் சன்னலோரம் ஒரு மேசை. மரம் வெட்டும் இயந்திரத்தை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்ற தௌனோவும், பள்ளிப் பேருந்து ஓட்டிய ஆர்வோவும் ஏழு மணிக்கு அதில் உட்கார்வார்கள். முதல் கோப்பை தீரும்வரை யாரும் பேசுவதில்லை. இரண்டாவது கோப்பையில் வானிலை. மூன்றாவதில்தான் ஊர் வம்பு.

அக்டோபர் கடைசியில் ஹெல்சின்கியிலிருந்து நிக்லாஸ் வந்தான். கம்பெனியின் வட்டார அதிகாரி. வயது இருபத்தேழு. வந்ததும் சத்தமாக வணக்கம் சொன்னான். மேசையில் இருந்தவர்கள் அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள்.

"ஹில்க்கா, புதுத் திட்டம் ஒண்ணு. விக்கிற பெட்ரோல்ல முப்பது சதவீதம் தொண்ணூத்தெட்டா இருக்கணும். ஜனவரி முடிய டைம்."

"டீசல்?"

"டீசல் கணக்குல வராது. பெட்ரோல் மட்டும்தான்."

"முப்பது வரலேன்னா?"

நிக்லாஸ் தன் கோப்பைக்குள் பார்த்தான். "குளிர் பங்க் ஆக்கிடுவாங்க."

ஆளை எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கார்டு இயந்திரத்தை மட்டும் விட்டுவைக்கும் பங்குக்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் பேர். ஹில்க்காவுக்கு ஐம்பத்தேழு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு வருடம். அடுத்து வேலை கிடைக்கக்கூடிய ஊர் எழுபது கிலோமீட்டரில் இருந்தது.

"பெருசா ஒண்ணும் இல்ல," என்றான் நிக்லாஸ். "பணம் கட்ட உள்ள வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணும். 'அடுத்த தடவை தொண்ணூத்தெட்டு போடலாமா? உங்க எஞ்சினுக்கு நல்லது.' அவ்வளவுதான். கண்ணப் பாத்து, சிரிச்சிக்கிட்டே."

"சிரிச்சிக்கிட்டே கேட்டா எனக்கு மூளைல ரத்தம் கட்டிருச்சுன்னு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுவாங்க தம்பி."

"பழகிடும்."

"சரி, எஞ்சினுக்கு நல்லதா?"

"நல்லதுன்னு சொல்லணும்."

"நான் கேட்டது அது இல்லையே."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் வெளியே போய், அவனுடைய வெள்ளைக் காரின் பெட்ரோல் மூடியைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் 95 என்று இருந்தது.

"உன் வண்டிக்கு நீ எத ஊத்தற?"

"கம்பெனி கார்டு தொண்ணூத்தஞ்சுக்கு மேல வேலை செய்யாது," என்றான் நிக்லாஸ். பொய் சொல்லத் தெரியாத பையன்.

அவன் போனதும் ஹில்க்கா ரொட்டி வந்த பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்து, தடித்த பேனாவால் எழுதி, பம்புக்கு மேலே ஒட்டினாள்.

*மூடிக்குள் பார்க்கவும். 95 என்று இருந்தால் 95 போதும். மிச்சத்தில் காப்பி குடிக்கலாம். மரம் அறுக்கும் மெஷின், படகு, ரொம்பப் பழைய வண்டி என்றால் 98.*

தௌனோ சன்னல் வழியே அதைப் படித்தார். "யோவ் ஆர்வோ, உனக்குத் தொண்ணூத்தெட்டுக் காப்பி ஊத்தச் சொல்லவா?"

"எனக்கு எதுக்கு? என் எஞ்சின் பழசு."

"பழசுக்குத்தான்யா தொண்ணூத்தெட்டு. அட்டையப் படி."

"அப்ப ரெண்டு கப்பா ஊத்தச் சொல்லு."

ஹில்க்கா சிரிக்கவில்லை. வந்தவர்களிடம் கேள்வியை மட்டும் கேட்டாள். கம்பெனி சொன்னதுபோல முதல் பாதி. "தொண்ணூத்தெட்டு போடலாமா?" அவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்ததும் இரண்டாம் பாதியை அவளே சேர்த்தாள். "வேணாம். உன் வண்டிக்கு அது தண்டம்."

நவம்பரில் பேர் தெரியாத ஒருத்தி வந்து இருபது லிட்டர் போட்டுவிட்டு, உள்ளே வந்து தொண்ணூற்றெட்டைப் பற்றி வலியக் கேட்டாள். ஹில்க்கா அவளை வெளியே அழைத்துப்போய் மூடியைத் திறந்து காட்டினாள். பத்து நாள் கழித்துத் தபாலில் மதிப்பெண் தாள் வந்தபோதுதான் அவள் கம்பெனி வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று தெரிந்தது. வரவேற்பு: ஒன்று. கண்ணைப் பார்த்தல்: இரண்டு. புன்னகை: சுழியம். உயர்ரக எரிபொருள் பரிந்துரை: சுழியம். கீழே ஒரு குறிப்பு: 'ஊழியர் விற்பனைக்கு எதிராக வாதாடினார். காப்பி நன்றாக இருந்தது.'

அவள் தாளைக் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினாள். கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டாள்.

"ஏம்மா," என்றார் ஆர்வோ, தாளைப் பார்த்தபடியே. "சும்மா வாய் வார்த்தையா, நல்லதுன்னு சொல்லிட்டுப் போயேன். யாரு செத்துடப் போறா?"

"நாளைக்கு நீயே வந்து எங்கிட்ட கேப்ப. அப்ப நான் என்ன சொல்றது? என் வேலைக்கு நல்லது, உன் வண்டிக்கு இல்லைன்னா?"

"அப்படிச் சொன்னாக்கூட வாங்கிடுவேனே."

"வாங்குவ. அதுக்குத்தான் சொல்ல மாட்டேன். பிச்சையா நான் கேக்கறேன்?"

ஆர்வோ தௌனோவைப் பார்த்தார். தௌனோ சன்னலைப் பார்த்தார். மேசையில் அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. அது மூன்றாவது கோப்பையாக இருந்தும்.

டிசம்பரில் ஒரு காலை ஹில்க்கா சுரண்டியுடன் நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள். டீசல் கைப்பிடியில் பனி. தொண்ணூற்றைந்தில் பனி. தொண்ணூற்றெட்டில் மட்டும் மெல்லிய படலம். துணியால் தடவினாலே வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. கைப்பிடியில் ஏதோ கோளாறு, சூடாகிறது என்று நினைத்து, பழுது பார்ப்பவருக்குச் சொல்லி வைத்தாள். அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவரும் ஹிர்விவாராக்காரர்தான். போகும்போது ஏனோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை நிக்லாஸ் மறுபடி வந்தான். இந்த முறை மெதுவாகவே வணக்கம் சொன்னான். மடிக்கணினியைத் திறந்து சன்னலோர மேசையிலேயே வைத்தான். வேறு மேசை இல்லை.

"முப்பத்தாறு சதவீதம்," என்றான்.

ஹில்க்கா துணியைக் கீழே வைத்தாள். "என்னது?"

"தொண்ணூத்தெட்டு. முப்பத்தாறு."

"அப்ப தாண்டிட்டமே!"

"தாண்டிட்டீங்க. அதுலதான் சிக்கல்." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். இரண்டு தூண்கள். ஒன்று தரையோடு தரையாக, இன்னொன்று கூரையைத் தொட்டுக்கொண்டு. "இது பகல், உங்க கவுன்டர்ல பணம் கட்டினது. நாலு சதவீதம். இது எட்டு மணிக்கு நீங்க பூட்டிட்டுப் போனதுக்கு அப்புறம், கார்டு மெஷின்ல. எழுபத்தெட்டு. எங்க வட்டாரத்துலயே இதுதான் முதலிடம்."

ஆர்வோ சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மேல இருக்கவங்க என்ன சொல்றாங்கன்னா," அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான், "மெஷின் நல்லா விக்குது. ஆள் இருந்தா விற்பனை கெடுது. பிப்ரவரி பதினஞ்சுலேர்ந்து குளிர் பங்க்."

ஹில்க்கா திரையைப் பார்க்கவில்லை. தௌனோவின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை சிவந்துகொண்டே வந்தன.

"தௌனோ."

"என் வண்டி கொஞ்ச நாளா இழுக்கல," என்றார் தௌனோ. "அதான் சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன்."

"ஒரு தடவை?"

"வாரம் ஒரு தடவை."

ஆர்வோ கோப்பையை வைத்தார். "நீயுமாய்யா? நான் மட்டுந்தான்னு நெனச்சேன். ஒன்பது மணிக்கு வர்றேன், உன் வண்டி நிக்குது. நீ பாத்துடுவியேன்னு விளக்க அணைச்சிட்டுத் தேவாலயத்துக்குப் பின்னாடி அரை மணி நேரம் நின்னேன். மைனஸ் இருபதுல!"

"அங்க தபால்காரி வண்டியும் நின்னுச்சே," என்றார் தௌனோ.

"அவளும் காத்துக்கிட்டுதான் இருந்திருப்பா."

"அட முட்டாப் பசங்களா!" ஹில்க்காவின் குரலில் சன்னல் அதிர்ந்தது. "பகல்ல வந்து எங்கிட்ட வாங்கித் தொலைஞ்சா என்ன?"

"நீ விட்டிருப்பியா? இழுத்துக்கிட்டுப் போயி மூடியத் திறந்து காட்டியிருப்ப."

ஹில்க்கா நிக்லாஸ் பக்கம் திரும்பினாள். "தம்பி, கேட்டேயில்ல? எஞ்சினுக்காக யாரும் வாங்கல. இந்தக் கடை இருக்கணும்னு வாங்கியிருக்காங்க. எழுதி அனுப்பு."

"எழுதலாம்," என்றான் அவன். படிவத்தை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்த்தான். உண்மையாகவே தேடினான். "ஆனா இதை எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியல."

அவன் எழுந்தபோது கோப்பையில் காப்பி ஆறிப்போயிருந்தது. வாசலில் நின்று, "அந்த அட்டையவாவது எடுத்துடுங்க ஹில்க்கா. பதினஞ்சாம் தேதி வரைக்குமாவது. எனக்கும் மேலேர்ந்து கேக்கறாங்க," என்றான்.

"உன் வண்டி மூடிக்குள்ள இருக்கறத முதல்ல எடு. அப்புறம் நான் இத எடுக்கறேன்."

பிப்ரவரி பதினைந்து கழிந்து மூன்றாவது சனிக்கிழமை. காலை ஏழு மணி, மைனஸ் இருபத்து நான்கு. ஹில்க்கா இப்போது எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிறாள். வாரத்துக்கு ஒன்றரைத் தொட்டி பெட்ரோல் ஆகிறது. அவளுடைய சிவப்பு டொயோட்டா பம்புக்கு அருகே நின்றபோது தௌனோவும் ஆர்வோவும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். உட்கார இடமில்லாததால் இருவரும் கார்டு இயந்திரத்தோடு ஒட்டி நின்றார்கள். திரை உறைந்துவிடாமல் இருக்க அதன் உள்ளே கம்பெனி சூடேற்றி வைத்திருந்தது. பக்கவாட்டுத் தகட்டில் ஆளுக்கொரு பக்கம் உள்ளங்கையை வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளுங்கய்யா," என்று ஹில்க்கா பிளாஸ்க்கை எடுத்துத் தகட்டை ஒட்டி வைத்தாள். பிறகு காரின் பின்னிருக்கையிலிருந்து அதே வாசகம் எழுதிய அட்டையை எடுத்தாள். திங்கள்தோறும் கம்பெனி ஆள் வந்து கிழித்துப்போடுகிறான். இது மூன்றாவது. குளிரில் பசை பிடிக்காததால் மூலைகளில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்திருந்தாள். ஆர்வோ ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இயந்திரத்தின் கழுத்தில் சுற்றிக் குறடால் முறுக்கினாள்.

கார்டைச் செருகினாள். தொண்ணூற்றைந்தை அழுத்தினாள்.

*98 போடலாமா? உங்கள் எஞ்சினுக்கு நல்லது.*

இல்லை என்று அழுத்தினாள். திரையில் மஞ்சளாக ஒரு வட்ட முகம் வந்து சிரித்தது.

*நிச்சயமாகவா?*

"பாரு, என்னமா சிரிக்குது," என்றார் தௌனோ. "புன்னகைக்கு முழு மார்க்கு."

அவள் கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் இன்னொரு முறை அழுத்தினாள். இல்லை. அவளை முன்னால் விட்டுவிட்டு, பின்னால் ஆர்வோவின் வண்டி, தௌனோவின் வண்டி, தபால்காரியின் மஞ்சள் வேன். விடிந்த வேளையில், ஒளியாமல், விளக்குப் போட்டுக்கொண்டு, எல்லாருமே தொண்ணூற்றைந்துக்கு வரிசையில் நின்றார்கள். தொண்ணூற்றெட்டின் கைப்பிடியில் விரற்கடை கனத்துக்குப் பனி. சுரண்ட ஆளில்லை.

ஆர்வோ இயந்திரத்தின் பக்கத்துச் சன்னலின் வெளி விளிம்பில் கோப்பைகளை வைத்தார். கண்ணாடிக்கு உள்ளே, அதே உயரத்தில், அவர்களுடைய மேசை. அதன்மேல் நான்கு நாற்காலிகள் தலைகீழாகக் கவிழ்ந்து, கால்களை மேலே தூக்கிக்கொண்டிருந்தன. ஹில்க்கா காப்பியை ஊற்றினாள். முதல் கோப்பை தீரும்வரை மூவரும் எதுவும் பேசாமல், ஒரு கையில் கோப்பையை ஏந்தி, மறு கையை இயந்திரத்தின் வெதுவெதுப்பான விலாவில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.