கூட்டுக்குள் போன மீன்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் கடலின் உணவுரிமையைக் காக்கும் மாபெரும் போர், கடலே இல்லாத கண்டனூரில், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய வீடொன்றில், சென்ற சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கருத்தரங்காகத் தொடங்கியது. தளபதி நான்தான். காரைக்குடியில் விலங்கியல் பேராசிரியர்.

நம் ஓரா மீன் பாசி தின்று பிழைப்பது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த இன்னொரு மீனும் பாசிதான் தின்கிறது. அறுபது மீன்களைக் கீறிப் பார்த்ததில் இரண்டு இனத்தின் வயிற்றிலும் ஒரே பாசி. வந்த மீன் இருந்த மீனின் சோற்றைப் பறிக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

கீறியவள் என் ஆய்வு மாணவி சத்தியப்பிரியா. மூன்று மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள். ஆரம்பத்திலேயே, "சார், ஒருக்கா தொண்டிக்குப் போயி எப்படிப் புடிக்கிறாகன்னு பாத்துட்டு வந்துருவமா?" என்று கேட்டாள்.

"மீனே இங்குட்டு வருதேம்மா, நாம எதுக்கு அங்குட்டுப் போகணும்?" என்றேன். வெயிலுக்குப் பயந்து, மார்க்கெட்டில் மீன் விற்கும் சேசுராஜிடம் நானே வாங்கி வந்தேன்.

கருத்தரங்கு மேடையில் சேசுராஜுக்குப் பொன்னாடை போர்த்தினேன். பெருந்தன்மை பொங்கி மைக்கையும் கொடுத்தேன்.

"எல்லாம் கூடு போட்டுப் புடிச்ச மீனுங்க. கூட்டுக்குள்ள பாசிய வச்சுத்தான் இழுக்கிறது. உள்ள போனது எதுவா இருந்தாலும் அதத்தான் திங்கும். பிரியாணியா வச்சிருக்கு?"

கூடம் சிரித்தது. தலைமை விருந்தினர் சிரிக்கவில்லை. "மீன் எப்படிப் பிடிச்சதுன்னு விசாரிக்கலையா, பேராசிரியரே?"

அறுபது வயிற்றில் நான் கண்டது கூட்டுக்குள் வைத்த இரையை. ஐம்பத்து மூன்று வயதில் காது மடல் சுட்டது. வெளியே போகிறவன் செருப்பைத் தேடுவதுபோல் ஒரு பதிலைத் தேடினேன். சத்தியப்பிரியா திரைப்பக்கம் நின்றிருந்தாள்.

"சேகரிப்பெல்லாம் மாணவி பொறுப்பு" என்றேன். மைக் நன்றாக வேலை செய்தது.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கணினியை மூடினாள்.

சேசுராஜ் குனிந்து, மைக்குக்குக் கேட்காமல், "நீங்கதான சார் வந்து வாங்குனீக?" என்றார். நழுவாத பொன்னாடையை அவர் தோளில் சரிசெய்தேன்.

திங்கட்கிழமை அவள், மீன் சேகரித்ததில் நேர்ந்த தவறு தன்னுடையதே என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். வழிகாட்டி என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.