மூங்கில் பத்தைகளுக்குப் பின்னால்

எக்ஸ்ரேயில் திருவேங்கடத்தின் இடது நுரையீரல் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. குறுக்கே மூங்கில் பத்தைகளின் கோடுகள் வேறு. மார்பைச் சுற்றி முட்டைப் பத்து போட்டு, மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டோடு, படுத்த நிலையிலேயே எடுத்த படம். அந்த மங்கல் பத்தா, ரத்தமா என்று டாக்டரான என்னாலேயே சொல்ல முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெம்மேலிப் பக்கம் சவுக்கு ஏற்றும்போது லாரியிலிருந்து ஒரு கட்டை உருண்டு அவர் விலாவில் விழுந்திருக்கிறது. நேராக எலும்புக்கட்டு வைத்தியரிடம் போய்விட்டார்கள். கட்டியதும் வலி அடங்கியதாம். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை மனைவி கண்ணகி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சோறுகூடப் படுத்தபடியே ஊட்டியிருக்கிறாள். உதடு நீலம் பாரித்த பிறகுதான் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"கட்டைப் பிரிக்கணும். உட்கார வச்சு இன்னொரு படம் எடுக்கணும்" என்றேன்.

கண்ணகி கட்டிலை மறித்து நின்றாள். "பிரிக்கக் கூடாது டாக்டரம்மா. எலும்பு நவுந்து நெஞ்சுல குத்திக்கும்னு வைத்தியரு சொல்லிக்கீறாரு."

"உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா, படுத்திருக்கும்போது நுரையீரலுக்குப் பின்னாடி பரவிக் கிடக்கும். படத்துல லேசாத்தான் தெரியும். உட்கார்ந்தாத்தான் கீழ எறங்கி நிக்கும்!"

நான் கத்தியதில் அவள் கட்டிலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

திருவேங்கடம் அவள் கையைத் தொட்டார். "வலியே இல்ல கண்ணகி. மூச்சுதான் வர்ல. பிரிச்சுடு."

நான் நீட்டிய கத்தரியை வாங்கி அவளே வெட்டினாள். காய்ந்த பத்து ரோமத்தோடு பிய்ந்து வந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, உட்கார வைத்துப் படம் எடுத்தோம். இடது பக்கம் பாதி வரை வெள்ளையாக நின்றது. ரத்தம்தான்.

விலா இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டுக் குழாயைச் செருகினேன். கறுத்த ரத்தம் பாட்டிலுக்குள் இறங்கியது. மெல்ல மெல்ல அவர் மூச்சு சீரானது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"பொழைச்சுக்குவாரும்மா" என்றேன்.

கண்ணகி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சு உக்காரணும், உக்காரணும்னு கேட்டுகினேதான் இருந்தாரு டாக்டரம்மா. நான்தான் தோளப் புடிச்சு அமுக்கி அமுக்கிப் படுக்க வச்சேன்."