முள் அசையவில்லை

அப்பாவும் மகளும் போனில் பேசிக்கொள்வது மொத்தமே இரண்டு வாக்கியம். "சாப்பிட்டியாம்மா?" என்பது ஒன்று. "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பது இன்னொன்று. சண்டையோ மனக்கசப்போ எதுவும் கிடையாது. அவர் லிப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, பெட்டி தளத்துக்குச் சமமாக நிற்கிறதா, கம்பிக் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தே காலத்தை ஓட்டிய மனிதர். கயிற்றைப் பற்றிக் கேட்டால் அரை நாள் பேசுவார். பெற்ற பெண்ணிடம் என்ன பேசுவது என்பதுதான் அவருக்குப் பிடிபடவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குள்ளேயே வளைய வந்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார். போட்ட கீலுக்கே மறுபடியும் போட்டார். பொறுத்துப் பார்த்த மனைவி, வெளியூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டாள். "உங்கப்பாவுக்கு ஏதாவது வேலை குடுடி. இல்லன்னா என்னையும் எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிடுவார்."

மகள் கல்லூரிக் காலத்தில் வாங்கிய, விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் அவள் அறையில் அப்படியே கிடந்தது. கம்ப்யூட்டர், ஜாய்ஸ்டிக், மிதிக்க இரண்டு பெடல். அதில் இருந்தது ஒரே ஒரு விமானம், அதுவும் போர் விமானம். மகள் தன் ஊரிலிருந்தபடியே இணையத்தில் அந்த ஆட்டத்தைத் திறந்து, ஹெட்போன் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது, இவர் இங்கே உட்கார்ந்து ஓட்ட வேண்டியது என்று ஏற்பாடானது. வெயிலோ மழையோ, வானிலையை வைப்பது அவள் பொறுப்பு.

"யார் தலையில குண்டு போடப் போறீங்க?" என்று நிலைப்படியில் நின்று கேட்டாள் மனைவி.

"மொதல்ல நான் ஒழுங்கா எறங்கறேன். அப்புறம் ஆளைப் பாக்கலாம்."

ஏறுவது சீக்கிரமே கைவந்தது. நல்ல வெயிலில் கண்ணால் பார்த்து இறங்குவதும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் மூடுபனியை வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரே வெள்ளை. தரை எங்கே வானம் எங்கே என்று தெரியவில்லை.

"இனிமே கருவியப் பாத்துத்தான்ப்பா எறங்கணும்," என்றாள். "ரன்வேயிலேர்ந்து ரேடியோ சிக்னல் வரும். அதோட நம்பரப் போட்டா இந்த வட்டத்துக்குள்ள ரெண்டு முள் அசையும். நிக்கற முள் இடமா வலமான்னு சொல்லும். படுத்த முள் மேலயா கீழயான்னு சொல்லும். ரெண்டும் நடுவுல வந்து கூட்டல் குறி மாதிரி நின்னுட்டா, நேரா எறங்கலாம். நம்பர் நூத்திப்பத்து புள்ளி மூணு."

அவர் எண்ணைப் போட்டார். முட்கள் துள்ளி எழுந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு போய் புல்தரையில் விமானத்தின் மூக்கைக் குத்தினார். ஆனாலும் சூட்சுமம் புரிந்துவிட்டது. அடுத்த முறை இறங்கிக் காட்டிவிடலாம் என்று அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினார்.

அடுத்த முறை முள் அசையவில்லை. வட்டத்தில், சிக்னல் இல்லை என்று சொல்லும் ஒரு சின்னச் சிவப்புப் பட்டை மட்டும் எட்டிப் பார்த்தது.

"நம்பர் சரியா போட்டீங்களாப்பா?"

"நூத்திப்பத்து புள்ளி மூணு."

"எங்கயோ தப்பு பண்றீங்க. பரவால்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் அதே எண்ணுக்கு முள் உயிரோடு இருந்தது; பதற்றத்தில் இவர்தான் ஓடுபாதையைத் தாண்டிப் போய் இடித்தார். அதற்கடுத்த வாரம் செத்துக் கிடந்தது. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே பொத்தானை அமுக்கினால் ஒரு நாள் மூன்றாம் மாடிக்கும் மறுநாள் மொட்டை மாடிக்கும் போகிற லிப்டாக இருந்தால் அந்த இடத்திலேயே சீல் வைத்திருப்பார். இங்கே யாருக்குச் சீல் வைப்பது? இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்பி வாழ்ந்த மனிதர். அப்படியானால் பழுது தன்னிடம்தான் என்று முடிவு கட்டினார்.

முள் அசையாத நாட்களில் வகுப்பு நீண்டது என்னவோ உண்மை. மூடுபனிக்குள் வட்டமடித்துக்கொண்டே இருவரும் எதையாவது பேசினார்கள். லேபில் ரத்தம் எடுத்து வைத்த குழாய்களில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டு அழுத, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றி மகள் சொன்னாள். பழுதான லிப்டில் ஒரு பாடகியோடும் அவளுடைய நாயோடும் மாட்டிக்கொண்டு, யார் குரைத்தது யார் பாடியது என்று தெரியாமல் தவித்த கதையை இவர் சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் அதற்கு முன் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

ஆனால் ஹெட்போனைக் கழற்றியதும் பயம் பிடித்துக்கொள்ளும். அவருடைய அண்ணன் இப்படித்தான் ஆரம்பித்தார். முதலில் மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். பிறகு, எப்போதோ விட்ட ஆபீஸுக்குக் குளித்த துண்டோடு கிளம்பினார். கடைசியில் தம்பியைப் பார்த்து, "நீங்க யாரு? எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதை இவரை இன்னமும் அறுத்துக்கொண்டிருந்தது.

பல் தேய்க்கும்போது நூற்றுப்பத்து புள்ளி மூன்று என்று முனகினார். கடைக்குப் போய் சோப்பை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வாங்கி வந்தார்.

"நீ ஏதாவது கவனிச்சியா? எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கல்யாணமான புதுசுல என்னை பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு தனியா வீட்டுக்கு வந்த ஆளு நீங்க. இப்ப புதுசா என்னத்தக் கவனிக்கறது?"

சாதாரண நாளாக இருந்தால் சிரித்திருப்பார். அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. மகளிடம் மட்டும் இது தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவள் வாயால் "நம்பர் சரியா போட்டீங்களாப்பா?" என்று இன்னொரு தடவை கேட்க அவரால் ஆகாது. அந்தக் கேள்வியில், அண்ணனிடம் அவர் வீட்டார் பேசிய தொனி இருந்தது.

அந்த ஞாயிறும் முள் அசையவில்லை. அவர் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இதோட நிறுத்திக்கலாம்மா."

"ஏன்ப்பா? என்னாச்சு?"

"பெரியப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நெனைக்கறேன். போட்ட நம்பர் போட்ட மாதிரி மனசுல நிக்க மாட்டேங்குது. நாளைக்கு டாக்டரப் பாக்கறேன். அம்மாகிட்ட இப்பச் சொல்லாத."

விமானம் யாரும் ஓட்டாமல் சாய்ந்து, எங்கேயோ இடித்து, திரை சிவந்து அணைந்தது.

"அப்பா," என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "உங்க நம்பர் சரிதான். எல்லா நாளும் சரியாத்தான் போட்டீங்க. நான்தான் காத்த மாத்தினேன்."

"என்ன காத்து?"

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ, அதை எதிர்த்துதான்ப்பா எறங்கணும். காத்து திரும்பினா, சிக்னல் ரன்வேயோட அடுத்த முனைக்குப் போயிடும். அங்க நம்பரே வேற. அதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்ல. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் திருப்பி வச்சேன்."

"எதுக்கு?"

"மொத நாளே பாதி எறங்கிட்டீங்க. கத்துக்கிட்டா அவ்வளவுதானே? அப்புறம் சாப்பிட்டியா, அம்மாகிட்ட குடுக்கறேன். அவ்வளவுதானேப்பா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். வாரக்கணக்காகத் தன்னைத்தானே புதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! வந்த கோபத்தில் அப்போது மகள் எதிரே நின்றிருந்தால், வாழ்நாளில் ஓங்காத கையை ஓங்கியிருப்பார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். பிறகு அண்ணனுடைய பிள்ளைகள் பெயரை மூத்ததிலிருந்து ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பேரப்பிள்ளைகள் பெயரும் வந்தது. அண்ணன் வீட்டு நாயின் பெயர்கூட வந்தது.

"என்னாச்சு? முகம் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"உன் பொண்ணு என்னைப் பைத்தியக்காரனாக்கப் பாத்தா."

"அதுக்கு அவ வேற தனியா கஷ்டப்படணுமாக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

அறைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டினார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழாத. காத்த ஒழுங்கா வை. ஒரு தடவை நேர்மையா எறங்கிப் பாக்கறேன்."

வைத்தாள். நூற்றுப்பத்து புள்ளி மூன்று. முட்கள் எழுந்தன. வெள்ளைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அவர் வெளியே பார்க்கவும் இல்லை. நின்ற முள்ளை நடுவில் பிடித்தார். படுத்த முள் மெல்ல இறங்கி வந்து குறுக்கே படிந்தது. கூட்டல் குறி கலையாமல் நின்றது. திடீரென்று பனி கிழிந்து, ஓடுபாதை விளக்குகள் இரண்டு வரிசையாக மூக்குக்கு நேரே வந்தன. தளத்தோடு சமமாக நிற்கும் லிப்டைப் போல, குலுங்காமல் தரையைத் தொட்டார்.

"சூப்பர்ப்பா," என்றாள் மகள்.

"ம்."

விமானம் உருண்டு போய் நின்றது. என்ஜின் சத்தம் அடங்கியது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். அவளும் தேடிக்கொண்டிருந்தாள் போல, மூச்சு மட்டும் கேட்டது.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"சாப்பிட்டேன்ப்பா."

அடுத்த வாக்கியம் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். ஜாய்ஸ்டிக்கை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"காத்த மாத்தும்மா," என்றார்.