பதினெட்டாம் வரிசைக்கு ஓர் அழைப்பு

அந்த விமானத்தில் இருக்கையைச் சாய்க்க வேண்டுமானால், பின்வரிசைக்காரர்களை வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைக்க வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு இருக்கையின் பையிலும், வாந்திப் பைக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தாம்பாளம் செருகியிருந்தது. பின்னால் இருப்பவர் தட்டை வாங்கிக்கொண்டால்தான் பொத்தான் அமுங்கும்.

பதினேழாம் வரிசையில் இருந்த இளவரசிக்கு அவசரம். மடியில் எட்டு மாதக் குழந்தை நிறைமதி சிணுங்கிக்கொண்டிருந்தாள். சாய்ந்த நெஞ்சில் கிடந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தூங்காமல் போய் இறங்கினால் புது முகம் எதைக் கண்டாலும் ஊரைக் கூட்டிவிடுவாள். துபாயில் மாணிக்கவேல், பெற்ற மகளை முதல்முதலாகப் பார்க்கக் காத்திருந்தான். எட்டு மாதமாக ஒருத்தன் நாளை எண்ணியது அழுகையை வாங்கிக் கட்டிக்கொள்ளவா?

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். பின்னால் வீரமலை என்பவரும் அவர் மனைவி தங்கப்பொண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். வீரமலையிடம் தட்டை நீட்டினாள்.

"அண்ணே, சாயப்போறேன். அவசியம் இருந்து நடத்திக் குடுக்கணும்."

அவர் கை தட்டுக்குப் பாதி தூரம் வந்தது. தங்கப்பொண்ணு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"இவளைச் சொல்லலியேம்மா."

"என்னை எதுக்குச் சொல்லணும்? நான் மேகம் பாக்க வந்தவ," என்றார் தங்கப்பொண்ணு.

இளவரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, மறந்துட்டேன். நீங்களும் வாங்க."

"கேட்டு வாங்குறதுக்குப் பேரு அழைப்பா?"

விமானப் பணிப்பெண் வந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். விட்டுப்போனவரை அதே ஆள் அழைக்கக் கூடாதாம். அழைப்பவர் வீட்டிலிருந்து வேறொருவர் வர வேண்டும்.

"உங்க பக்கம் வேற யாருங்க இருக்காங்க?"

"இவதான்."

"மொத அழைப்புல இவங்க ஏதாவது பேசினாங்களா?"

"இன்னும் பேச்சே வரலைங்க."

"அப்ப செல்லும்."

நிறைமதி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு கவிழ்த்தாள். பாக்கு இருபதாம் வரிசைவரை உருண்டது. வெற்றிலை தங்கப்பொண்ணு மடியில் விழுந்தது. "ங்கா," என்றாள் நிறைமதி.

"அளவு கம்மின்னாலும் ஆளு மொகத்தைப் பாத்துக் கூப்பிடுது பாருங்க," என்று வெற்றிலையை இடுப்பில் செருகினார் தங்கப்பொண்ணு. "எந்திரிங்க, வேட்டியைச் சரிபண்ணுங்க."

பொத்தான் அமுங்கியது. தங்கப்பொண்ணு குலவையிட இருக்கை மெதுவாக இறங்கியது. வீரமலை காப்பியை உயரத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார். கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த தலையைச் சும்மா விடுவானேன் என்று, தங்கப்பொண்ணு இளவரசிக்குச் சிக்கெடுத்துப் பின்னத் தொடங்கினார்.

குழந்தை தூங்கினாள். தூங்கத் தூங்க அவளுடைய சிரிப்பு வளர்ந்தது. கடலைத் தாண்டுவதற்குள் அது கையோடு உள்ளே வைத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிவிட்டது. பணிப்பெண் அதற்கு ஒரு சீட்டு ஒட்டி, பெரிய பெட்டிகளோடு கீழே போட்டுவைத்தாள்.

துபாயில் பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் மாணிக்கவேல் நின்றான். நிறைமதி கண் விழித்து அவனைப் பார்த்தாள். அழவில்லை. வாயை மட்டும் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டாள். மூவரும் காத்திருந்தார்கள். முதலில் சூட்கேஸ் வந்தது. அடுத்து முறுக்குத் தகரம். அதன் பின்னால் சிரிப்பு.

"பாத்துத் தூக்குங்க, கனமா இருக்கும்," என்றாள் இளவரசி.

மாணிக்கவேல் முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.