பதிமூன்றா, பதினைந்தா

அந்த ஏற்றத்தில் மோட்டார் சைக்கிளோடு நான் எத்தனை முறை விழுந்தேன் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பது என்றுதான் எண்ணி வைத்திருந்தேன். என் மனைவி மிகாயெலா பதினொன்று என்கிறாள். கால்சட்டையின் கிழிந்த முழங்கால்களைத் தைத்தவள் அவள், அவள் சொல்வதே சரியாக இருக்கும். வேறு சிலவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. என் சகலை லியோகாதியோ இந்தக் கதையைப் போன இடமெல்லாம் சொல்லித் திரிந்தவன். அவன் பார்த்தது எது, நான் பார்த்தது எது என்று பிரிக்க எனக்கு இப்போது முடிவதில்லை. பல்சக்கரங்களின் எண்களில் மட்டும் குழப்பமே கிடையாது. பதிமூன்று, பதினைந்து.

எங்கள் மாமனார் இறந்தபோது தன் மோட்டார் சைக்கிளை இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப் போனார். இருநூற்றைம்பது சிசி, தார் சாலையிலும் ஓடும், கல்லிலும் மணலிலும் ஏறும் வகை. மூத்தவள் ஓதிலியா மேற்குக் கடலோரம் மீனவக் குடியிருப்பில் இருந்தாள். அவள் புருஷன்தான் லியோகாதியோ. இளையவள் மிகாயெலாவும் நானும் மலையில், எண்பது ஆடுகளோடு. பதினைந்து நாள் அவர்களிடம், பதினைந்து நாள் எங்களிடம் என்று ஏற்பாடு. சமவெளியில் தொண்ணூறு கிலோமீட்டர் நேர்ச்சாலையில் ஐஸ் பெட்டியோடு பறக்க வேண்டியவன் அவன். அதற்குச் சங்கிலியின் முன்பக்கம் பதினைந்து பல் சக்கரம் வேண்டும். எனக்கு வேகம் எதற்கு? கிணற்றில் இருபது மீட்டர் ஆழத்தில் தண்ணீர். இழுத்துக்கொண்டிருந்த கோவேறு கழுதை வறட்சியின் முதல் வருடமே செத்துவிட்டது. வண்டியின் பின்னால் கயிற்றைக் கட்டி முதல் கியரில் நடை வேகத்தில் போனால் வாளி மேலே வரும். அதற்குப் பதிமூன்று பல் வேண்டும். சக்கரம் சிறுத்தால் வலு, பெருத்தால் ஓட்டம். பதினைந்தோடு இழுத்தால் கிளட்ச் தீய்ந்து நாறும். அதனால் வண்டி கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒருவன் போட்டதை இன்னொருவன் கழற்றி எறிந்துகொண்டிருந்தோம்.

வண்டி கடலோரத்தில் இருக்கும் பதினைந்து நாளும் கயிறு எங்கள் கையில். அந்தக் கோடையில் மிகாயெலாவின் வலது தோள் இரண்டு தடவை பிசகிவிட்டது. இரண்டாம் தடவை அவள் கத்தவில்லை. கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வாளி மேலே வந்த பிறகுதான் உட்கார்ந்தாள். அன்று மிச்ச வாளிகளையெல்லாம் நானே இழுத்தேன்.

அந்த வருடத் திருவிழாப் பந்தயத்துக்குக் கால்நடை வளர்ப்போர் சங்கம் பரிசு அறிவித்தது: சூரிய வெளிச்சத்தில் ஓடும் ஒரு பம்பு, அதற்கான பலகைகளோடு. செய்தியைக் கொண்டு வந்தவன் லியோகாதியோதான். வண்டியிலிருந்து இறங்கும் முன்பே கத்தினான்.

"சகலை, ஜெயிக்கிறோம்! பம்பு உனக்கு, வண்டி எனக்கு. ரெண்டு வீட்டுச் சண்டையும் ஒரே நாள்ல தீந்துது."

"ஜெயிக்கலேன்னா?"

"இப்ப மாதிரியே அடிச்சுக்குவோம், வேறென்ன."

எங்கள் பாஹா தீபகற்பத்தின் குறுக்கே, மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை ஓடும் பந்தயம் அது. ஒரு வண்டி, பாதிக்கு ஒருவராக ஓட்ட உறவுக்காரர் இருவர். முதல் பாதி உப்பு வெளியும் சாலையுமாக நூற்றுப் பத்து கிலோமீட்டர். இரண்டாம் பாதி மலை. ஒரு காலத்தில் வடக்கிலிருந்து பணக்காரர்கள் லாரியில் சக்கரங்களை ஏற்றிக்கொண்டு வந்து, சமவெளிக்கு ஒன்று மலைக்கு ஒன்று என்று வழியில் மாற்றி ஜெயித்தார்கள். அதன் பிறகு வந்தது சிவப்புச் சாயம். பந்தயத்துக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு, மருந்துக்கடை எதுவிகெஸ் அக்கா நகச்சாயக் குப்பியோடு வருவாள். ஒவ்வொரு வண்டியின் பல்சக்கரத் திருகிலும் ஒரு பொட்டு வைப்பாள். அதற்குப் பிறகு யாரும் கை வைக்க முடியாது. கடலுக்கும் மலைக்கும் அந்த ஒரே சக்கரம்தான். அதனால் பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஊரே பல் எண்ணிக்கொண்டு திரியும். சக்கரத்தின் மேல் பழைய காலுறையை மாட்டி மறைப்பார்கள். தேவாலய வாசலில் செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிந்து அடுத்தவன் வண்டியை எண்ணுவார்கள். கேட்டால் எல்லோரும் பொய் சொல்வார்கள், பாதிரியாரின் தம்பி உட்பட.

எங்கள் சண்டை சமையலறையில் நடந்தது. உலர் இறைச்சியும் ரொட்டியும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"பதிமூணு போட்டா வண்டி தொண்ணூறத் தாண்டாது," என்றான் லியோகாதியோ. "நூத்திப்பத்து கிலோமீட்டர் நான் எருமையாட்டம் போகணும். பத்து நிமிஷம் போச்சு. பதினஞ்சுல நூத்தி அஞ்சு போவேன்."

"முதுகெலும்பு ஏறாது."

"ஒரு ஏத்தம். மொத்தமே ரெண்டு கிலோமீட்டர். அதுக்காக இத்தனை தூரத்தையும் பாழாக்குறதா?"

"அந்த ரெண்டு கிலோமீட்டர் ஏறலேன்னா மிச்சத் தூரம் எதுக்கு?"

"பதினாலு போடேன்," என்றாள் ஓதிலியா.

"பதினாலு போட்டா அவனும் திட்டுவான், நானும் திட்டுவேன்," என்றான் லியோகாதியோ. "உங்கப்பா இதுலயாவது ஒரு உயில் எழுதிட்டுப் போயிருக்கலாம்."

முதுகெலும்பு என்று நாங்கள் சொல்வது கற்கள் துருத்திய அந்த நீண்ட சரிவைத்தான். நின்றால் போச்சு, வலுவில்லாத வண்டி நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்பாது. நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னதும் சரி என்பதுதான் என்னை அரித்தது. மோசமான ஓர் இடத்துக்காக வண்டியைத் தயார் செய்வதா, மீதி எல்லா இடத்துக்காகவும் தயார் செய்வதா? நான் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு மோசமான இடத்துக்காகவே எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டிருந்தவன். மழை பெய்யாத வருடத்துக்காகத் தீவனம், வராத நோய்க்காக மருந்து. அப்படி இருந்தும் தோள் பிசகியது.

மறுநாள் விடிந்ததும் பதினைந்தை மாட்டிக்கொண்டு முதுகெலும்புக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் பாதிவரைகூடப் போகவில்லை. மூன்றாம் நாள் வண்டி என்மேல் கிடந்தது, நான் கள்ளிச் செடிமேல் கிடந்தேன்.

"ஏன்யா, வண்டிய ஓட்டப் போறியா, விழப் போறியா?" என்றாள் மிகாயெலா, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ எனக்கு அது பிடிபட்டது. கீழே காட்டாற்றின் வளைவிலிருந்தே இரண்டாம் கியரில் விரட்டி வர வேண்டும். இரு பெரிய பாறைகளுக்கு இடையே புகும்போது பிரேக்கை நினைக்கக் கூடாது. கல் தூக்கி அடித்தாலும் கைப்பிடியை விடாமல் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி என்னை இழுக்கவில்லை. வந்த வேகமே எங்கள் இருவரையும் மேலே எறிந்தது. உச்சியில் நின்றபோது இரண்டு கடல்களும் தெரிந்தன. நான் சத்தமாகக் கத்தினேன். முப்பத்தெட்டு வயதில், ஆடுகூட இல்லாத இடத்தில், தனியாக.

சாயம் வைக்கும் நாளன்று சந்தைத் திடலில் பதினோரு வண்டிகள் நின்றன. எதுவிகெஸ் அக்கா எங்களிடம் வந்து காலுறையைக் கழற்றச் சொன்னாள். லியோகாதியோ என்னைப் பார்த்தான். முந்தைய இரவு நான் மாட்டியதை அவன் பார்த்திருக்கவில்லை. காலுறையை உருவியவன் குனிந்து விரலால் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அடப்பாவி," என்றான் மெதுவாக. "சகலை, உனக்குக் காய்ச்சலா?"

"வை அக்கா," என்றேன் எதுவிகெஸிடம்.

"மலைக்காரன் பதினஞ்சு போட்டிருக்கான்!" என்று பக்கத்து வண்டியிலிருந்து நிக்கானோர் கூவினான். அடுத்த பள்ளத்தாக்கின் ஆடு வளர்ப்பவன், என்னைப்போலவே வறட்சியில் காய்ந்தவன். "பிளாசிதோ, முதுகெலும்புல உன் பொண்டாட்டி வந்து தள்ளுவாளா?"

"அவ உன்னையும் சேத்துத் தள்ளுவா, போ," என்றாள் அக்கா. எங்கள் திருகில் சிவப்புப் பொட்டு வைத்து, ஊதிக் காய வைத்தாள்.

மறுநாள் மாற்றுமிடத்தில் நான் காத்திருந்தேன். முதலில் வந்தது நிக்கானோரின் அண்ணன். பதிமூன்று பல்லோடு! நிக்கானோர் தாவி ஏறிப் பறந்தான். லியோகாதியோ பத்து நிமிடம் முந்தி வந்திருக்க வேண்டியவன். நான்கு நிமிடம் பிந்தித்தான் வந்தான், தலை முதல் கால் வரை வெள்ளையாக, வறுக்கப்போகும் மீனை மாவில் புரட்டியதுபோல.

"உப்புத் தரை உடைஞ்சிருச்சுடா, என் எடை தாங்காம," என்று மூச்சு வாங்கினான். அழுகிறானோ என்று நினைத்தேன். "வண்டிய வெளிய எடுக்குறதுக்குள்ள… ஏறு, ஏறு! என்ன பாத்துட்டு நிக்கிற!"

வளைவு வந்தது. விரட்டினேன். கல் அடித்தது, கையை விடவில்லை. பாறைகளுக்கு இடையே புகுந்தபோது வழியின் குறுக்கே நிக்கானோரின் வண்டி கிடந்தது. அதன் அடியில் அவன் கால். வேறு வழியே இல்லை. நின்றேன். நின்ற அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. பம்பு, தோள், காலை நேரத்துக் காயங்கள், எல்லாம்.

"தூக்குடா! பாத்துக்கிட்டே நிக்காத!" என்று கத்தினான்.

தூக்கினேன். காலை அசைத்துப் பார்த்தான். உடையவில்லை. வண்டியை உதைத்தான், ஓடியது. என்னைப் பார்த்தான், என் பல்சக்கரத்தைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. நின்ற இடத்திலிருந்தே அவன் பதிமூன்று அவனை ஆட்டைப்போல மேலே ஏற்றிக்கொண்டு போனது. நான் அவன் புழுதியில் நின்றேன். சிரிப்பு வந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வண்டியைத் திருப்பினேன். ஜெயிக்க வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தயத்தில் கீழ்நோக்கிப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எதிரே வந்த ஒருவன் எனக்குப் பைத்தியம் என்று கையால் சைகை செய்தான். காட்டாற்று வளைவுவரை போனேன். மூச்சை இழுத்து விட்டேன். மறுபடி விரட்டினேன். இந்த முறை கல் எது, கைப்பிடி எது என்றே தெரியவில்லை. சைகை செய்தவனைப் பாதி ஏற்றத்தில் தாண்டியதும் தெரியவில்லை. உச்சி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இறக்கம். இறக்கத்தின் அடியிலிருந்து கிழக்குக் கடல்வரை இருபத்தைந்து கிலோமீட்டர், சாலைபோல இறுகிப்போன அகன்ற ஆற்றுப்படுகை. கைப்பிடியை முழுக்கத் திருகி, பெட்ரோல் தொட்டியின்மேல் மார்பை வைத்துப் படுத்தேன். லியோகாதியோ வருடக்கணக்காகச் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எஞ்சின் அவசரப்படாமல் ஓடியது, நிலம் மட்டும் பின்னால் உருவிக்கொண்டே போனது. கண்ணில் நீர் வழிந்தது, காற்றினால். தூரத்தில் ஒரு புழுதி. அது பெரிதானது. நிக்கானோரின் வண்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது, அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை. கடல் நீலமாக ஒரு கோடு தெரிந்த இடத்தில் பக்கவாட்டில் வந்தேன். அவன் திரும்பி ஏதோ சொன்னான். கெட்ட வார்த்தை என்று அவனே பிறகு சொன்னான். எனக்கு அது "போ" என்று கேட்டதாகத்தான் நினைவு. தாண்டினேன்.

முடிவுக் கோட்டில் ஓதிலியாவின் கையிலிருந்த பியர் குப்பி கீழே விழுந்து உடைந்தது. மிகாயெலா இடது கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஒருவரின் லாரியில் தொற்றி லியோகாதியோ ஒரு மணி நேரம் கழித்து வந்தான், இன்னும் உப்போடு, தூரத்திலிருந்தே சாவிக்குக் கையை நீட்டியபடி. கொடுத்தேன். எஞ்சின் இன்னும் சுட்டது. ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தான். அவன் பேசாமல் நின்று நான் கண்டது அன்று மட்டும்தான்.

பம்பு இன்னும் ஓடுகிறது; ஒருமுறை பலகை ஒன்றை மாற்றினோம். மிகாயெலாவின் தோள் முழுதாகச் சரியாகவில்லை, தலைக்கு மேல் கை போகாது. ஆடுகள் இப்போது நூற்றிருபது. நிக்கானோர் அடுத்த வருடமே ஆடுகளை விற்றுவிட்டு வடக்கே தக்காளித் தோட்டங்களுக்குப் போனான், திரும்பவில்லை. எதுவிகெஸ் அக்கா இறந்துவிட்டாள். மருந்துக்கடையை அவள் தங்கை மகள் நடத்துகிறாள். மலையைக் குடைந்து தார் போட்ட பிறகு பந்தயம் நின்றுபோனது. வண்டியை லியோகாதியோ ஒன்பது வருடம் ஓட்டினான். பிறகு உப்புக் காற்று அதன் இரும்புச் சட்டத்தைத் தின்றுவிட, பாகம் பாகமாக விற்றான். இப்போது அவனிடம் ஒரு சிறிய லாரி இருக்கிறது. ஓதிலியா ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையிடம் தொலைபேசியில் பேசுகிறாள். நான் அதற்குப் பிறகு வண்டி வாங்கவில்லை. கிழக்குக் கடலுக்குப் போக வேண்டுமென்றால் நடந்தே போகிறேன், இரண்டு நாள் ஆகிறது.